ஸ்திரீ பார்ட்டும் கில்டு சாட்டும்

கேள்வி:

எனக்கு வயசு 26. வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டை. மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் டாலி கிளார்க்காக இருக்கேன். நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா உடனே தூக்கம் வராது. போனில் ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம் ஆடுவேன். ஆரம்பத்திலிருந்தே என் கேரக்டர் பெண்தான். முடி, டிரெஸ், பேரு எல்லாம் பார்த்துப் பார்த்து வச்சது. சண்டையில் மத்தவங்களுக்கு உயிர் ஏத்துற ஹீலர்.

போன மாசம் எங்க செட்டுப் பையன் ஒருத்தன் என் போனைப் பார்த்துட்டான். அன்னையிலிருந்து டீக்கடையில் "இன்னாம்மா, டூட்டி முடிஞ்சுதா"ன்னு ஓட்டுறாங்க. அதைக்கூடத் தாங்கிக்கலாம். எங்க மாப்பிள்ளை (தங்கச்சி வீட்டுக்காரர்) தனியாக் கூப்பிட்டு, "மச்சான், உனக்கு வேற எதுனா பிரச்சினை இருக்கா? பொண்ணு பார்க்கிறதை நிறுத்தி வைக்கச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டார். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. நான் ஏன் பெண் கேரக்டர் எடுக்கிறேன்? இது சரியா?

இன்னொண்ணு. எங்க கில்டில் (கேமில் சேர்ந்து ஆடுற குழு) சேலம் பக்கத்துக்காரர் ஒருத்தர் இருக்கார். எனக்கு ரெண்டு காஸ்ட்யூமும் ஒரு மாச பாஸும் கிஃப்ட் பண்ணியிருக்கார். தினமும் "சாப்டீங்களா"ன்னு கேட்பார். என்னைப் பொண்ணுன்னு நினைக்கிறாரோன்னு தோணுது. நான் அப்படிச் சொன்னதே இல்லை. இதையும் எழுதணும்னு தோணுச்சு.

பெயர் வேண்டாம், திருவொற்றியூர்.

பதில்:

தம்பி, முதலில் உங்கள் மாப்பிள்ளைக்கு. கேமில் ஒருவர் எந்த உடம்பைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை வைத்து அவருடைய ஆண்மையையோ, அவருக்கு யார்மேல் ஆசை வரும் என்பதையோ கணிக்க முடியாது. தன் பிறவி உடம்போடு ஒட்டாமல் தவிக்கும் சிலருக்கு, தான் யார் என்று முதன்முதலில் பயமில்லாமல் பார்த்துக்கொள்ள இடம் கொடுத்தது இப்படி ஒரு விளையாட்டுதான் என்பதும் உண்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதை அறியக்கூடியவர் சம்பந்தப்பட்டவர் மட்டும்தான். நீங்கள் எழுதியதில் அந்தத் தவிப்பு எனக்குத் தென்படவில்லை. டீக்கடைக் கிண்டல்தான் தென்படுகிறது.

'ஏன் எடுக்கிறேன்' என்று கேட்கிறீர்கள். உங்களைப் போன்றவர்கள் நிறைய. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டில் 375 பேரை ஆடவிட்டு, அவர்களின் பேச்சையும் நடமாட்டத்தையும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரோசா மார்ட்டியும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். கட்டுரை வந்தது 2014-ல். ஆண்களில் 23 சதவீதம் பேர் பெண் கேரக்டரில் ஆடினார்கள். பெண்களில் 7 சதவீதம் பேர்தான் ஆண் கேரக்டரில் ஆடினார்கள். எனக்குப் பிடித்தது அதற்கடுத்த பகுதி. பெண் கேரக்டர் எடுத்த ஆண்கள் சாட்டில் கொஞ்சம் குழைந்து பேசினார்கள், ஆச்சரியக்குறியை அள்ளித் தெளித்தார்கள். நடமாட்டம் மட்டும் மாறவில்லை. கூட்டத்தைவிட்டுத் தள்ளி நிற்பது, பின்பக்கமாக நகர்வது, சும்மா சும்மா குதிப்பது என்று ஆண்கள் ஆடுகிற மாதிரியேதான் ஆடினார்கள். பெண்ணாக நடித்து ஏமாற்றுவது அவர்களின் நோக்கமாகத் தெரியவில்லை என்றுதான் ஆய்வும் முடிவுக்கு வந்தது.

ஆண்களைக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இன்னும் சாதாரணமானது. இந்த வகை கேம்களில் கேமரா கேரக்டரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். 1996-ல் லாரா கிராஃப்ட் என்ற கேம் நாயகி வந்த காலத்திலிருந்து இதே கதைதான். மணிக்கணக்காகப் பார்க்கப்போகும் உருவம் கண்ணுக்கு அழகாக இருக்கட்டுமே என்பார்கள். பெண் கேரக்டருக்குத்தான் டிரெஸ் நிறைய விடுகிறார்கள் என்பார்கள். அதில் கொஞ்சம் ஜொள்ளும் இருக்கும், மறுப்பதற்கில்லை. உங்கள் விஷயத்தில் நான் ஊகிப்பது வேறு. ராத்திரி முழுக்க ட்ரெய்லர் வெளிச்சத்தில் பெட்டி நம்பரும் சீல் நம்பரும் சரிபார்த்துவிட்டு வரும் ஆள், வீட்டுக்கு வந்து இன்னொரு முரட்டு ஆணாக நிற்க ஆசைப்படாமல், அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றும் ஒருத்தியாக ஒரு மணி நேரம் இருக்க ஆசைப்படுகிறார். எனக்கு அது நன்றாகவே புரிகிறது.

உங்கள் செட்டுப் பையன்களுக்கு இது புதுசாகப் படுவதுதான் எனக்கு வேடிக்கை. மாசி மாசம் மயானக் கொள்ளையில் புடவை கட்டி, முகத்தில் சாயம் பூசி, அங்காளம்மனாக ஆடிவரும் ஆம்பளையை இவர்களில் யாராவது "இன்னாம்மா" என்று கூப்பிடுவார்களா? தெருக்கூத்தில் விடிய விடியத் துரியோதனனிடம் நியாயம் கேட்டு நிற்கும் திரௌபதி, காலையில் வேஷத்தைக் கலைத்துவிட்டு பீடி பற்றவைக்கும் ஆண்தான். வட மாவட்டங்களில் அவரைக் கும்பிட்டவர்கள் உண்டு, கிண்டலடித்தவர்கள் குறைவு.

காலடிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் வால்டாக்ஸ் ரோடு எவ்வளவு தூரம்? அங்கே ஒற்றைவாடைக் கொட்டகையில் நாடகங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், பாய்ஸ் கம்பெனிகளில் 'ஸ்திரீ பார்ட்' என்பது ஒரு தனி உத்தியோகம். ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் மாதிரி அதுவும் ஒரு வரிசை. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வளர்ந்த சிறுவர்கள் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் வந்து பாடினார்கள். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்த வேலை போய்விடும் என்பதுதான் அவர்களின் கவலை. ஆண்மை போய்விடும் என்பது யாருடைய கவலையாகவும் இருக்கவில்லை. பின்னாளில் கட்டபொம்மனாகக் கர்ஜித்த சிவாஜி கணேசன், நாடகக் கம்பெனிச் சிறுவனாகப் பெண் வேடம் கட்டியவர். டி.கே. சண்முகம் கூன் விழுந்த கிழவியாக நடித்த ஔவையார் வேடம் அவர் பெயரோடே ஒட்டிக்கொள்ள, அவர் 'அவ்வை சண்முகம்' ஆனார். சென்னையில் ஒரு சாலைக்கும் அந்தப் பெயர். அதை வைத்துத்தான் 1996-ல் கமல் படத்துக்குத் தலைப்பு வந்தது.

இதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது என்று மாப்பிள்ளை சொல்லலாம். சரி, பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபையைப் பார்ப்போம். அங்கே நடித்தவர்கள் படித்த உத்தியோகஸ்தர்கள், வக்கீல்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது, பொழுதுபோக்குதான், உங்களுக்கு கேம் மாதிரி. பம்மல் கதாநாயகன் என்றால் கதாநாயகி சி. ரங்கவடிவேலு என்ற வக்கீல். பகலில் கோர்ட், மாலையில் ஒத்திகை. பம்மலோ பின்னாளில் நீதிபதியே ஆனவர்.

எதிர்ப்பக்கமும் உண்டு. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் நடத்திய நாடகக் கம்பெனியில் ஆண் வேடங்களையும் பெண்களே கட்டினார்கள். கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் சினிமாவில் நந்தனாராகவே நடித்தார்.

உங்கள் ஊரைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. ஏழுகிணறு வீராசாமி பிள்ளை தெருவில் குடியிருந்த ராமலிங்கம் என்ற இளைஞர், அங்கிருந்து நடந்தே திருவொற்றியூர் தியாகராஜரைப் பார்க்க வருவார். வள்ளலார்தான். ஒற்றியூர் இறைவன்மேல் அவர் பாடியவற்றில் 'இங்கித மாலை' என்று ஒன்று இருக்கிறது. முழுக்க முழுக்கப் பெண் குரல். வாசலுக்குப் பிச்சை கேட்டு வந்த ஒற்றியூர்க்காரர் தன்னிடம் எப்படியெல்லாம் குறும்பாகப் பேசினார் என்று தலைவி தன் தோழியிடம் சொல்கிற மாதிரி எழுதியது. நம்மாழ்வார் பராங்குச நாயகியானதும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியானதும் இதே வழிதான். அதற்கும் முன்னால், சங்க அகப்பாட்டில் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் பேசிய ஆண் புலவர்களை எண்ணி மாளாது. நீங்கள் தினம் கடந்துபோகும் கோயிலுக்கு உள்ளேயே இந்த வேஷம் இருக்கிறது, தம்பி.

இவ்வளவு பேரையும் இழுத்து வந்ததற்குக் காரணம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி. "இதையும் எழுதணும்னு தோணுச்சு" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே யோசிக்க வேண்டிய விஷயம் அதுதான்.

ரங்கவடிவேலு நாயகியாக வந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அவர் வக்கீல் என்று தெரியும். பாய்ஸ் கம்பெனி நோட்டீஸிலேயே ஸ்திரீ பார்ட் யார் என்று போட்டிருக்கும். வள்ளலார் தலைவியாகப் பாடினார் என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. கேமில் நோட்டீஸ் கிடையாது. கில்டில் உங்களைப் பார்க்கும் முப்பது பேரில் பாதிப்பேர் 'யாரோ ஒரு பையன்' என்று நினைத்திருப்பார்கள், மீதிப்பேர் யோசித்தே இருக்கமாட்டார்கள். ஒருத்தர் மட்டும் நம்பியிருக்கிறார்.

இதற்காகக் கேரக்டரையே தடை செய்வது முட்டாள்தனம். 2007-ல் சீனாவில் ஒரு கேம் நிறுவனம் அதையும் செய்து பார்த்தது: பெண் கேரக்டர் வைத்திருப்பவர்கள் வெப்கேமராவில் முகம் காட்டிப் பெண் என்று நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு முடங்கும் என்று செய்தி வந்தது. கேட்கவே அபத்தம். பெண் கேரக்டர் எடுத்ததில் நீங்கள் யாருக்கும் எந்த விளக்கமும் பாக்கி வைக்கவில்லை. பரிசு வாங்கிக்கொண்டதில்தான் பாக்கி வைத்திருக்கிறீர்கள்.

நீங்கள் பொய் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "சாப்டீங்களா" என்று தினமும் கேட்பவர் யாரைக் கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இல்லையென்றால் இந்தப் பத்தியை எழுதியிருக்கமாட்டீர்கள். முதல் காஸ்ட்யூம் வந்தபோது சந்தேகம் வராமல் இருந்திருக்கலாம். இரண்டாவதற்கும் பாஸுக்கும் அந்தச் சாக்கு செல்லாது.

எனவே அவருக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். கில்டு சாட்டில் எல்லோர் முன்னாலும் வேண்டாம், அவர் மானமும் முக்கியம். நீட்டி முழக்காமல் இந்த அளவுக்கு இருந்தால் போதும்: "அண்ணா, கேரக்டர் பெண்ணா இருக்கு, ஆடுறது நான் ஆண். நீங்க வேற மாதிரி நினைச்சிருந்தா முன்னாடியே சொல்லாதது என் தப்பு. நீங்க கொடுத்ததுக்குச் சமமா உங்களுக்குப் பிடிச்ச ஐட்டம் அனுப்பிடுறேன்." பாஸைத் திருப்ப வழி இருக்காது, அதே விலைக்கு அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள். அவர் சிரித்துவிட்டு "எனக்குத் தெரியும்ப்பா" என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. திட்டினால் ஒருமுறை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் போனால் பிளாக் செய்யுங்கள். போன் நம்பர், வீடு, வேலை செய்யும் இடம் எதையும் சமாதானத்துக்காகக்கூடக் கொடுக்க வேண்டாம். கேரக்டரையும் மாற்ற வேண்டாம். புரொஃபைலில் 'ஆடுவது பையன்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் அதுவே உங்கள் நோட்டீஸ்.

இதில் உங்களுக்கே தெரியாமல் ஒன்றைத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள். பெண் பெயர் ஒன்று திரையில் இருந்தால் போதும், கேட்காமலே கிஃப்ட் வரும், கேட்காமலே விசாரிப்பு வரும். உங்களுக்கு அது சின்னச் சங்கடத்தோடு போயிற்று. நிஜமாகவே பெண்ணாக இருந்து ஆடுகிறவர்களிடம் கிஃப்ட்டுக்குப் பின்னால் போட்டோ கேட்பார்கள், கொடுக்காவிட்டால் வசவு வரும். பலர் மைக்கையே ஆன் செய்யாமல் ஆடுவது, சிலர் ஆண் பெயருக்குள் ஒளிந்துகொள்வது இதனால்தான். அடுத்தமுறை உங்கள் கில்டில் எவனாவது ஒரு பெண்ணிடம் வழிந்தால், அது எப்படி இருக்கும் என்று அவனுக்குச் சொல்ல ஆண்களில் உங்களைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

டீக்கடையைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய அறிவுரை இல்லை. பாக்ஸிங்கும் ஃபுட்பாலும் ஊறிப்போன ஏரியா. ஆம்பளைத்தனத்துக்கு அங்கே மார்க் போட்டுக்கொண்டே இருப்பார்கள். "ஆமாம்மா, டூட்டி முடிஞ்சுது, டீ சொல்லு" என்று நீங்களே ஆரம்பித்துவிட்டால் நாலு நாளில் அவர்களுக்குச் சலித்துவிடும். ஒளித்தால்தான் மாசக்கணக்கில் ஓடும்.

பெண் பார்ப்பதை நிறுத்த வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் அக்கறையோடுதான் கேட்டிருக்கிறார், அதனால் கோபமில்லாமல் சொல்லுங்கள். முடிந்தால் போனை அவர் கையில் கொடுத்து ஒரு சண்டை ஆடவிடுங்கள். பார்க்கப்போகும் பெண்ணிடம் முதல் நாளே உட்கார்ந்து கேரக்டரைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. பேச்சுவாக்கில் வந்தால் காட்டுங்கள், டிரெஸ் செலக்‌ஷனில் அவர் குறை கண்டுபிடிப்பார். அவர் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு: நைட் ஷிப்ட் முடிந்து வந்து எத்தனை மணி நேரம் போனும் கையுமாக இருக்கிறீர்கள் என்பது. அதை மட்டும் குறைத்துச் சொல்லாதீர்கள்.