பிறர் விட்ட புகை

பேருந்தில் ஒருவர் பீடியைப் பற்றவைத்தால், அருகில் அமர்ந்துள்ள குழந்தை எங்கே எழுந்து போகும்? புகைப்பது அவர் விருப்பமாகலாம். அப்புகையைச் சுவாசிப்பது குழந்தையின் விருப்பமன்று. நுரையீரலோ, புகை யாருடையது என்று பார்ப்பதில்லை.

1999-ஆம் ஆண்டில் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடித்தலைத் தடுத்தது. 2001-இல் உச்சநீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், இரயில்வண்டி முதலியவற்றில் அதனை நாடெங்கும் விலக்கியது. பிறர் விட்ட புகையால் ஒருவர் நலங்கெடுதல், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமைக்கு ஊறு என்பது அம்மன்றத்தின் கருத்து.

2003-இல் சட்டம் இயற்றப்பெற்றது. அதன் புதிய விதிகள் 2008, அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்தன. மீறுவோர்க்குத் தண்டம் 200 ரூபாய் வரை. ஆயினும் 30 அறைகளுக்குக் குறையாத விடுதிகளில் புகைபிடிக்கத் தனியிடம் அமைக்க அவ்விதிகள் இடங்கொடுத்தன. அவ்விடத்தைக் கூட்டித் துடைக்கும் பணியாளர் சுவாசிப்பதும் பிறர் விட்ட புகையே.