வழக்குக்கு இடம் தராத உயில்

உயில் என்பது ஒருவர் தம் காலத்துக்குப் பிறகு தம் சொத்து யார் யாருக்குப் போய்ச்சேர வேண்டும் என்று எழுதிவைக்கும் ஆவணம். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அது நடைமுறைக்கு வராது. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். கடைசியாக எழுதியதே செல்லும். தான செட்டில்மென்ட் அப்படியல்ல. அது பதிவானதும் உரிமை கைமாறிவிடும். பிள்ளை பெயருக்கு வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட பெற்றோர் அதை மீட்க, மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007) 23ஆம் பிரிவில் வழி உண்டு. ஆனால் ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லாவிட்டால் அது சிக்கலாகிவிடும்.

உயில் இல்லாமல் இறந்த இந்து ஆணின் தனிச்சொத்து, 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமபங்காகப் போகும். மகனுக்குப் பின்னும் உயிரோடிருக்கும் தாயின் பங்கைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. பின்னாளில் சொத்தை விற்கும்போதுதான் அது தலைதூக்கும்.

உயில் எழுத உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது, எதை எழுத உரிமை உண்டு என்பதே. சுயசம்பாத்தியச் சொத்தை விருப்பம்போல் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுத முடியும். அதில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு: தமிழ்நாடு 1989இலும் மத்திய அரசு 2005இலும் சட்டத்தைத் திருத்தின. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. ‘நகை போட்டுச் சீர் செய்தாயிற்று’ என்ற வாதத்தால் அந்தப் பங்கு இல்லாமல் போகாது. முஸ்லிம்கள், வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதுபவர் கையெழுத்திட வேண்டும். அதைக் கண்ட சாட்சிகள் குறைந்தது இருவர் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் முன் பதிவான உயிலைப் போலி என்று சொல்வது கடினம். வழக்கு என்று வந்தால், உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். ஆகவே சாட்சிகள் எழுதுபவரைவிட வயதில் இளையவர்களாக, எளிதில் தேடிப் பிடிக்கக்கூடியவர்களாக, சொத்தில் பங்கு பெறாதவர்களாக இருப்பது நல்லது. முதியவர் எழுதினால், சிகிச்சை பார்க்கும் மருத்துவரையே ஒரு சாட்சியாக வைப்பது நல்ல பழக்கம்.

பெரும்பாலான சண்டைகள் சொத்து விவரத்தில் பிறக்கின்றன. ‘மேலத்தெரு வீடு மூத்தவனுக்கு, வயல் இளையவனுக்கு’ என்று எழுதுபவருக்கு எல்லாம் விளங்கும். அவர் போனபின், கொல்லைப்புறக் காலிமனை வீட்டோடு சேர்ந்ததா, கிணற்று மோட்டார் யாருக்கு, வயலுக்குப் போகும் வண்டிப்பாதை யாருடையது என்று கேள்விகள் கிளம்பும். சர்வே எண், விஸ்தீரணம், நான்கு எல்லை, கதவு எண், மூலப்பத்திர எண் ஆகியவற்றோடு கிணறு, பாதை உரிமைகளையும் எழுதிவிட வேண்டும். மனைவிக்கு எழுதும்போது, ஆயுள்காலம் வரை அனுபவிக்க மட்டுமா, விற்கும் உரிமையும் உண்டா என்பதைச் சொல்ல வேண்டும். ‘இதில் குறிப்பிடாத மற்ற சொத்துகள்’ யாருக்கு என்று ஒரு வரி சேர்த்தால், பின்னால் வாங்கியவையும் அடங்கிவிடும்.

வங்கியிலும் காப்பீட்டிலும் நாமினியாகப் பெயர் கொடுத்தால் பணம் அவருக்கே சொந்தம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பொதுவாக, நாமினி பணத்தைப் பெற்று வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்தான். காப்பீட்டுப் பணம் பற்றி 1984இலும், பங்குகள் பற்றி 2023இலும் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் 2015இன் காப்பீட்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியானால் காப்பீட்டுப் பணத்துக்கு இது அப்படியே பொருந்தாது. நாமினியின் பெயரும் உயிலில் பயன்பெறுபவரின் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே ஒரு பூசல் காத்திருக்கிறது.

உயில் தயாரிப்பதில் முன்னின்றவரே பெரும்பங்கைப் பெற்றால் அது சந்தேகத்துக்குரியது என்றும், அந்தச் சந்தேகத்தைப் போக்கும் பொறுப்பு அவருடையது என்றும் 1959இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகவே பங்கு பெறும் பிள்ளை பத்திர எழுத்தரிடமும் பதிவு அலுவலகத்திலும் கூடவே நிற்காமல் இருப்பது அவருக்கே நல்லது. ஒருவருக்குக் குறைத்தாலோ கொடுக்காமல் விட்டாலோ, வசைச்சொல் இல்லாமல் காரணத்தை ஓரிரு வரியில் எழுத வேண்டும்.

மூல உயில் எங்கே இருக்கிறது என்பது குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் சட்டம் இடம் தருகிறது. சொத்து விற்றாலோ வாங்கினாலோ, வாரிசு ஒருவர் இறந்தாலோ உயிலை எடுத்துத் திருத்த வேண்டும். தெளிவான புத்தியோடு நடமாடும் காலத்தில் எழுதிய உயிலைக் குலைப்பது கடினம். படுக்கையில் விழும்வரை தள்ளிப்போடுவது வழக்குக்குப் போடும் பிள்ளையார் சுழி.