பிரஷர் நார்மல் ஆகிவிட்டது, மாத்திரை எதற்கு?



நம் கருங்குழியில் நாங்கள் போன வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "பிரஷர் பார்த்தேன், நார்மல்தான். மாத்திரையை விட்டுட்டேன்." காய்ச்சல் போனதும் மாத்திரையை நிறுத்துகிறோம் அல்லவா, அதே கணக்கு. ஆனால் இங்கே அந்த நார்மலைத் தந்ததே மாத்திரைதான். நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும். தலைவலியோ மயக்கமோ இல்லாமலே ஏறும். பலருக்குப் பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் தெரிகிறது.

2020இல் தமிழக அளவில் எடுத்த ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கி, மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023-24 ஆய்வில் அந்த அளவு 17 சதவீதம். முன்னேற்றம்தான். ஆனாலும் வாசல்வரை வந்த மாத்திரை வாய்வரை போக வேண்டுமே!

எல்லாரும் அலட்சியத்தால் விடுவதில்லை. அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். தாங்க முடியாமல் நிறுத்திவிட்டு, திட்டு விழுமே என்று டாக்டரிடம் சொல்வதில்லை. மாற்று மாத்திரைகள் இருக்கின்றன, சொன்னால்தானே மாற்றுவார்?

இப்படி மறைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் பகுதிப் பெரியவர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள்தான் சாப்பிட்டு வந்தார். அழுத்தம் குறையவில்லையே என்று டாக்டர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்தார். அத்தாவின் விஷயத்தை மகள் கையில் எடுத்து, இரண்டையும் தினமும் ஒழுங்காகக் கொடுக்க, அழுத்தம் மிகவும் இறங்கி, ஒளு செய்யப் போன இடத்தில் தலைசுற்றி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. சோதனைக்குப் போகும் அன்று காலையில் மட்டும் மாத்திரை போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் டாக்டரை ஏமாற்றுவதாக நினைத்துத் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

ரமளானில் இது இன்னும் கூடுகிறது. நோன்பு என்று மாதம் முழுக்க மாத்திரையை விட்டுவிடுவோர் உண்டு. அட்டெனலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்துவது இதயத்துக்கே ஆபத்து. தினம் ஒருவேளை மாத்திரைகளைப் பெரும்பாலும் இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றிக்கொள்ளலாம். சிறுநீர் அதிகம் போக வைக்கும் மாத்திரை என்றால் பகலில் தாகமும் சோர்வும் கூடலாம், அளவையோ நேரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும். நோன்பு வைக்கலாமா, மாத்திரையை எப்போது போடுவது என்று ஷஃபான் மாதத்திலேயே டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

போகும்போது வீட்டில் மீந்திருக்கும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். எத்தனை மிச்சம் என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும்.