போதிக்கிறவரும் போதிக்கப்படுகிறவரும்

வேதபாடம்: மாற்கு 3:13–19, 1 தெசலோனிக்கேயர் 2:1–12, 2 தீமோத்தேயு 2:1–7

மைசூரு நகருக்கு அருகே, காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து சூழ்ந்தோடும் தீவில் அமைந்திருப்பது ஸ்ரீரங்கப்பட்டணம். 1779-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில், திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர், கஜ்ஜலஹட்டிக் கணவாய், மைசூரு வழியாகப் பயணம் செய்த ஒரு போதகர் அங்கே வந்து சேர்ந்தார். அவர் பெயர் கிறிஸ்டியான் பிரீட்ரிக் சுவார்ட்ஸ். தமிழ்நாட்டுத் திருச்சபையார் அன்போடு சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்த ஜெர்மானிய மிஷனெரி அவர். அப்போது அவருக்கு வயது 52. மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் சமாதானச் செய்தி கொண்டு செல்லும்படி சென்னை ஆளுநர் சர் தாமஸ் ரம்போல்டு அவரைக் கேட்டிருந்தார்.

படைத் தளபதிகளும் துபாஷிகளும் நிறைந்திருந்த சென்னையில், இந்தப் பணிக்கு ஒரு வேதபோதகரை ஏன் தேடவேண்டும்? மற்றத் தூதர்களின் பேச்சை ஹைதர் நம்பவில்லை. வஞ்சிக்கமாட்டார் என்று பெயர்பெற்ற அந்தக் கிறிஸ்தவரை அனுப்பினால் ஏற்பதாக அவர் சொன்னதாக வரலாறு கூறுகிறது. ஹைதருக்கு எழுத்தறிவில்லை. ஆயினும் ஏமாறுகிறவர் அல்லர். கடிதத்தை ஒருவரை எழுதச் செய்து, அவரையே வாசிக்கச் சொல்லிக் கேட்டபின், வேறொருவரை அழைத்து மீண்டும் வாசிக்கச் செய்வார். இரண்டும் ஒத்திராவிட்டால் எழுதியவரின் உயிருக்கே ஆபத்து. எவரையும் எளிதில் நம்பாத இம்மன்னர், தம் எதிரிகளோடு பழகிய ஒருவரின் சொல்லை நம்பினார் என்பது சிறிய காரியம் அல்ல.

கிறிஸ்தவப் போதனையின் முதற்பாடம் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் என்ன போதிக்கிறார் என்பதற்கு முன்பாக, அவர் சொல் நம்பத்தக்கதா என்பதைக் கேட்கிறவர்கள் தீர்மானித்துவிடுகிறார்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது பவுல் தம் உபதேசத்தின் ஆழத்தைச் சொல்லிக் காட்டவில்லை. தாம் அவர்கள் நடுவில் இச்சகமும் பொருளாசையும் இன்றி எப்படி நடந்துகொண்டார் என்பதையே நினைப்பூட்டுகிறார். மாணாக்கர் முதலில் படிக்கும் பாடப்புத்தகம் ஆசிரியருடைய நடக்கை.

சுவார்ட்ஸ் ஐயரின் நடக்கையை நேரில் கண்டவர்களுள் ஒருவர் வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர். திருச்சிராப்பள்ளியில் ஐயர் குடியிருந்த அறை, அவருடைய கட்டிலுக்கும் அவருக்கும் மட்டுமே இடம் கொண்டதாயிருந்தது. நம் நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும் உணவு; கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி உடை; ஆண்டு வருமானம் ஏறத்தாழ 48 பவுண்டு. கம்பெனி ஊழியர் பலர் சில ஆண்டுகளிலேயே பெருஞ்செல்வம் சேர்த்துக்கொண்டு கப்பலேறிய காலம் அது.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அந்நடக்கை மாறவில்லை. பரிசுப் பொருள்களால் தம் கைகள் கறைபடக்கூடாது என்ற தீர்மானத்தோடு அவர் சென்றிருந்தார். கோட்டைக்கு வெளியே அவருக்காக அடிக்கப்பட்ட கூடாரத்தில், ஹைதரின் படையில் இருந்த ஐரோப்பியர் ஞாயிறுதோறும் ஆராதனைக்குக் கூடினார்கள், மன்னர் தடுக்கவில்லை. விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் பெற்றுக்கொண்ட ஐயர், சென்னை திரும்பியதும் அதை அரசிடம் ஒப்படைக்க முன்வந்தார். அரசு அதை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னது. அப்பணம் தஞ்சாவூரில் ஏழை அனாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு முதற்பணமாயிற்று.

ஹைதரும் அனாதைச் சிறுவர்களை ஆதரித்தார் என்பதை ஐயர் மகிழ்ச்சியோடு குறித்து வைத்திருக்கிறார். அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து, மரத்தால் செய்த சிறு துப்பாக்கிகளைக் கையில் தந்து போர்ப்பயிற்சி அளித்தார்கள். பகைவரிடத்திலும் நன்மையைக் கண்டு எழுதிவைக்கும் மனம் ஆசிரியருக்கு வேண்டிய மனம். மரத்துப்பாக்கிக்கு என்று ஒருவர் பிள்ளைகளைச் சேர்த்தார். அவரே கொடுத்த பணத்தால் சிலேட்டுக்கும் புத்தகத்துக்கும் என்று மற்றொருவர் பிள்ளைகளைச் சேர்த்தார்.

அந்தத் தூதினால் சமாதானம் வரவில்லை. மறு ஆண்டே, 1780-இல், ஹைதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கியது. ஆயினும் போர் நடுவிலும் சுவார்ட்ஸ் ஐயரைத் தடையின்றிப் போகவிடும்படி ஹைதர் தம் அதிகாரிகளுக்குக் கட்டளையிட்டிருந்தார். தஞ்சைக் கோட்டை பட்டினியால் வாடியபோது, அரசரின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் நம்ப மறுத்த குடியானவர்கள் ஐயர் ஒருவரின் வாக்கை நம்பி மாடுகளைத் தந்தார்கள். 80,000 கலம் தானியம் உள்ளே வந்து சேர்ந்தது என்று அவரே பின்னர் எழுதினார். வாக்களித்தபடி அவர்களுக்குப் பணமும் கொடுத்துத் தீர்த்தார்.

உடனிருத்தல் என்னும் பள்ளி

மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் பன்னிருவரைத் தெரிந்துகொண்ட வரிசையைக் கவனிக்கவேண்டும். அவரோடு கூட இருப்பது முந்தியது. பிரசங்கிக்க அனுப்பப்படுவது பிந்தியது. பாடத்திட்டத்தையும் தேர்வையும் மட்டும் கல்வி என்று எண்ணுகிற காலத்தில் இவ்வரிசை எளிதில் மறக்கப்படுகிறது.

சுவார்ட்ஸ் ஐயர் இதை மறக்கவில்லை. காலையில் உபதேசியார்கள் அவரிடம் கூடி ஜெபிப்பார்கள். அன்றைக்கு யார் எந்த ஊருக்குப் போகவேண்டும், எதைப் பேசவேண்டும் என்று அவர் சொல்லுவார். மாலையில் அவர்கள் திரும்பி வந்து, யாரைக் கண்டார்கள், என்ன மறுப்பைக் கேட்டார்கள், எங்கே பதில் சொல்ல இயலாமற் போயிற்று என்று விவரிப்பார்கள். இதுவே அவருடைய இறையியற் கல்லூரி. இதற்குக் கட்டடம் தேவைப்படவில்லை. தினமும் மாலையில் பொறுமையோடு உட்கார்ந்து கேட்கிற ஒருவர் மட்டும் தேவைப்பட்டார். பேசுகிற ஆசிரியர் பலர் உண்டு. மாலையில் கேட்கிற ஆசிரியர் எக்காலத்திலும் குறைவே.

அப்பள்ளியிலிருந்து வந்தவர்களுள் ஒருவர் சத்தியநாதன். 1790-இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டார். திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க வளர்ச்சியில் அவருடைய பங்கு பெரிது. மற்றொருவர் ஜான் காஸ்பர் கோல்ஹாப். சக மிஷனெரி ஒருவரின் மகன். மணம் புரியாத சுவார்ட்ஸ் ஐயர் இச்சிறுவனைத் தம் சொந்த மகனைப்போல் வளர்த்தார். கோல்ஹாப் 1787-இல் குருப்பட்டம் பெற்று, 1844-இல் மறையும்வரை தஞ்சைப் பகுதியில் ஊழியம் செய்தார். இன்னொருவரைத் தமிழுலகம் நன்கு அறியும். 1785-இல் திருநெல்வேலிக்குச் சென்ற ஐயர், தேவசகாயம் என்பவரின் மகனைக் கண்டு, கல்விக்காகத் தஞ்சைக்கு அழைத்து வந்தார். அச்சிறுவன் பின்னர் தரங்கம்பாடியிலும் பயின்று, இருபது வயது நிரம்புமுன்னரே தஞ்சைப் பள்ளியின் தலைமையை ஏற்றான். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார் அவரே. குறவஞ்சி என்னும் தமிழ் மரபு வடிவத்துக்குள் புதிய வானநூலையும் அவர் கொண்டுவந்து வைத்தார். ஐயர் இத்தகைய நூல் எதையும் எழுதவில்லை; எழுதக்கூடியவரை இனங்கண்டு அழைத்து வந்தார். பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்ன சங்கிலி, அதாவது கேட்டவர் வேறு உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்க, அவர்கள் இன்னும் பலருக்குப் போதிப்பது, இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

விசுவாசத்தில் சேராத மாணாக்கர்

எளிதான பகுதி இதுவரை. தன் விசுவாசத்தை ஏற்றுக்கொள்ளாத மாணாக்கரிடம் கிறிஸ்தவ ஆசிரியர் எப்படி நடந்துகொள்ளவேண்டும் என்பது கடினமான கேள்வி.

தஞ்சையில் கம்பெனியின் பிரதிநிதியாயிருந்த ஜான் சல்லிவனின் துணையோடு 1785 முதல் தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. 1787-இல் கம்பெனி இயக்குநர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 வராகன் ஒதுக்கினார்கள். இப்பள்ளிகளில் சேரும் பிள்ளைகளை வஞ்சகமான வழியில் கிறிஸ்தவ மார்க்கத்துக்கு இழுக்கக்கூடாது என்று சுவார்ட்ஸ் ஐயர் தெளிவாக வகுத்திருந்தார். நற்செய்தியைக் குறித்து அவர் வெட்கப்படவில்லை. வஞ்சனையால் கிடைக்கும் சீடன் சத்தியத்துக்குச் சீடனாக இருக்க இயலாது என்பதே அதன் காரணம்.

அவருடைய மாணாக்கருள் மிகப் புகழ்பெற்றவர் சரபோஜி. 1787-இல் தஞ்சை மன்னர் துளஜாஜி மரணப்படுக்கையில் ஒன்பது வயதுச் சிறுவனாகிய சரபோஜியைத் தத்தெடுத்து, சுவார்ட்ஸ் ஐயரின் கையில் ஒப்புவிக்க விரும்பினார். அரசியற் சிக்கலை உணர்ந்த ஐயர் அப்பொறுப்பை ஏற்கத் தயங்கி, மன்னரின் சகோதரர் அமர்சிங் சிறுவனுக்குக் காவலராயிருக்கலாம் என்று ஆலோசனை சொன்னார். துளஜாஜி மறைந்தபின், தத்தெடுப்பு சாஸ்திரப்படி செல்லாது என்று பண்டிதர்கள் கூறினார்கள். அமர்சிங்கே அரியணை ஏறினார். சரபோஜியோ வெளிச்சமும் கல்வியும் எட்டாத அடைப்பில் வைக்கப்பட்டார்.

சுவார்ட்ஸ் ஐயரின் நல்லெண்ண ஆலோசனையே சிறுவனுக்குத் துன்பமாய் முடிந்தது. பெரிய மனிதர் பலர் இத்தகைய இடத்தில் மௌனமாகிவிடுவார்கள். ஐயர் அப்படிச் செய்யவில்லை. சிறுவனின் நிலையைச் சென்னை அரசுக்கு எடுத்துரைத்து, அவனுக்குப் பாதுகாப்பும் கல்வியும் கிடைக்கச் செய்தார். 1793-இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே கெரிக்கே என்னும் மிஷனெரி கல்வியைத் தொடர்ந்தார். தத்தெடுப்பு செல்லாது என்ற தீர்ப்பு தவறானது என்று உணர்ந்த சுவார்ட்ஸ் ஐயர், சாஸ்திர விதிகளை விசாரித்து ஆட்சியாளருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 1798-இல் சரபோஜி அரசரானார். அதைக் காண ஐயர் உயிரோடில்லை. அவ்வாண்டு பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் மறைந்திருந்தார்.

மறைவதற்குச் சில மாதங்களுக்கு முன், நோயுற்றிருந்த நிலையில், சரபோஜியை வரவழைத்து அவர் அறிவுரை கூறினார். குடிகளிடம் நீதியாக நடக்கவும், ஆடம்பரத்தைத் தவிர்க்கவும் சொன்னார். அவர் கிறிஸ்துவைக் கண்டடையவேண்டும் என்பதே தம் கடைசி விருப்பம் என்பதையும் மறைக்கவில்லை. சரபோஜி அதை ஏற்கவில்லை. கடைசிவரை தம் மூதாதையரின் சமயத்திலேயே வாழ்ந்தார். ஆயினும் அடக்கத்தின்போது வந்து கண்ணீர் சிந்தி, ஆசிரியரின் உடல்மேல் பொன்னாடை போர்த்தி, கல்லறைவரை சென்றார். சரசுவதி மகால் நூலகத்தைப் பெருக்கியதும், 1805-இல் அரண்மனையில் அச்சகம் அமைத்ததும், பள்ளிகளும் மருத்துவச் சாலையும் நடத்தியதும் இம்மாணாக்கரே.

இவற்றை ஊழியத்தின் கனி என்று எண்ணலாமா, தோல்வி என்று எண்ணலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது தோல்வியே. ஆனால் விருப்பத்தை மறைக்காமல் சொல்லி, முடிவை மாணாக்கரின் மனச்சாட்சிக்கு விட்டு, அன்பில் எதையும் குறைக்காமலிருந்த ஆசிரியரை அப்பதிவேட்டால் அளக்க முடியாது. ஐசுவரியவான் துக்கத்தோடு போகுமுன், ஆண்டவர் அவனை அன்பாய்ப் பார்த்தார் என்று வாசிக்கிறோம். பின்தொடர்ந்து சென்று கட்டாயப்படுத்தினார் என்று வாசிப்பதில்லை (மாற்கு 10).

சுவார்ட்ஸ் ஐயரிடம் குறை இல்லாமலில்லை. அவர் காலத்துச் சபைகளில் சாதிவாரியாகப் பிரிந்து உட்காரும் வழக்கம் நீடித்தது. பொறுமையோடு போதித்தால் அது தானே ஒழியும் என்று அவர் நம்பினார். அது ஒழியவில்லை. 1833-இல் பேராயர் டானியேல் வில்சன் அவ்வழக்கத்தை அடியோடு நீக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சைச் சபையார் பலர் சுவார்ட்ஸ் ஐயரின் பெயரைச் சொல்லியே எதிர்த்தார்கள். அவர் வளர்த்த வேதநாயக சாஸ்திரியாரும் அவ்வழக்கத்துக்காக வாதாடியவர். ஆசிரியர் போதித்தவை மட்டுமன்றி, அவர் கண்டும் காணாமல் விட்டவையும் மாணாக்கரிடம் போய்ச் சேருகின்றன. யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் போதகர்களுக்கு உள்ள எச்சரிக்கையை இந்த இடத்தில் வாசிப்பது தகும்.

தஞ்சைச் சிறிய கோட்டையிலுள்ள கிறிஸ்துநாதர் ஆலயத்தில், சரபோஜி மன்னர் தம் ஆசிரியருக்காக இங்கிலாந்துச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு செய்வித்த பளிங்குச் சிற்பம் இருக்கிறது. படுக்கையில் சுவார்ட்ஸ் ஐயர், அவர் கையைப் பிடித்தபடி சரபோஜி, அருகே கெரிக்கே, கால்மாட்டில் பள்ளிச் சிறுவர் மூவர். 1826-இல் பேராயர் ரெஜினால்டு ஹீபர் தஞ்சைக்கு வந்தார். ஆசிரியர் மறைந்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரை வரவேற்ற மிஷனெரிகளுள் முதியவரான கோல்ஹாப் இருந்தார். அரண்மனையில் அவரோடு உரையாடிய சரபோஜி, சுவார்ட்ஸ் ஐயரைக் குறித்துப் பேசும்போது தந்தை என்றே குறிப்பிட்டார்.