கடன் வந்தது, கூலி?

கேள்வி: மகளிர் குழுவில் கடன் கிடைக்கிறது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பெண்கள் கையில் காசு நிற்கவில்லையே, ஏன்?
– வாசகி, அரக்கோணம்

பதில்: கூலி ஏறாத வீட்டில் கடன் தவணையாகத்தான் மிஞ்சும். தமிழகத்தில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் பெண்களை வங்கி வாசல்வரை அழைத்துவந்தன, பெரிய காரியம்தான். ஆனால் ஆம்பூர்ப் பக்கம் வீட்டிலேயே ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கும் பெண்ணுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. இடைத்தரகர் சொல்வதே விலை. அவள் தைத்த ஷூவோ ஐரோப்பியக் கடைகளுக்குப் போகிறது. இது அநியாயம். வீட்டிலிருந்து உழைப்பவரையும் தொழிலாளராக மதிக்கச் சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 1996ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்கவில்லை, ஏற்றாக வேண்டும். அதுவரை, உங்கள் குழுக் கூட்டத்தில் தவணையோடு கூலியையும் பேசுங்கள். ஜோடிக்கு என்ன விலை என்று எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.