சரக்கு போய்ச் சேரணும்

மதுரை ஆனையூரில் எங்கள் தெருவில் எஞ்சினியரிங் முடித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. நானும் மெக்கானிக்கல் படித்தவன்தான். மெஷின் ஷாப்பில் தொடங்கி ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், டிஸ்பாட்ச் என்று சுற்றி, கடைசியில் சப்ளை செயின் தலைவர் என்ற பெயர்ப்பலகையோடு ஓய்வு பெற்றேன். "சார், புரொடக்‌ஷன்ல இருந்து அந்தப் பக்கம் போறது எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல மூச்சு இல்லை, எழுதியே தந்துவிடுகிறேன்.

1. சரக்கு ரயில் வந்த நாளில் கூடல்நகர் குட்ஸ் ஷெட் பக்கம் போய் நில்லுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நாற்பது சொச்சம் வேகன். மொத்தச் சரக்கு 2,400 டன் என்று வைத்துக்கொள்வோம். லாரிக்கு 16 டன் என்றால் 150 நடை. ரயில்வே தருகிற நேரமோ சில மணிகள்தான். அதைத் தாண்டினால் வேகனுக்கு இத்தனை, மணிக்கு இத்தனை என்று டெமரேஜ் ஏறும். இப்போது கணக்கைப் போடுங்கள். எத்தனை லோடுமேன், எத்தனை லாரி, குடோனில் இறக்க எவ்வளவு நேரம், திரும்பி வர எவ்வளவு நேரம்? காகிதத்தில் விடை சுலபமாக வந்துவிடும். பிறகு நேரில் பாருங்கள். லாரி தயாராக நிற்கும், குடோன் வாசலில் வரிசை நகராது. குடோன் காலியானால் லோடுமேன்கள் சாப்பிடப் போயிருப்பார்கள். தூறல் விழுந்தால் எல்லாரும் தார்ப்பாயைத் தேடி ஓடுவார்கள். கல்லூரியில் நீங்கள் போட்ட லைன் பாலன்சிங் கணக்கேதான் இது, மெஷின் இருந்த இடத்தில் மனிதர்கள் நிற்கிறார்கள். அந்த வித்தியாசம் எனக்குப் புரியப் பத்து வருஷம் ஆனது.

2. சராசரியை நம்பிப் பிழைக்காதீர்கள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு மல்லிகை வியாபாரியின் பக்கத்தில் அரை நாள் உட்காருங்கள். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற நம்ம மதுரை மல்லிக்கு ஆயுள் ஒரு பொழுது. விடியலில் பறித்த மொட்டு ராத்திரிக்குள் மலர்ந்துவிடும், சேர்த்து வைத்து அடுத்த வாரம் விற்க முடியாது. முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் வேறு விலை. வருஷச் சராசரியை வைத்துக்கொண்டு அந்த மனிதர் கடை போட்டால் ஒரே மாதத்தில் மூட வேண்டியதுதான். அவர் பஞ்சாங்கம் பார்க்கிறார், மார்கழிப் பனியைப் பார்க்கிறார், தோட்டக்காரருக்குப் போன் போடுகிறார். டிமாண்ட் ஃபோர்காஸ்டிங் என்று நமக்குப் பாடம் நடத்தினார்களே, அதை அவர் பெயர் தெரியாமலே செய்கிறார்.

3. விலையைக் குறைத்துவிட்டேன் என்று மார்தட்டாதீர்கள். என் கதையைச் சொல்கிறேன். பர்ச்சேஸில் புதிதாகச் சேர்ந்த காலம். மொத்தமாக எடுத்தால் நாலு சதவீதம் தள்ளுபடி என்றார்கள். ஆறு மாதத்துக்கான ரப்பர் புஷ்ஷை ஒரே ஆர்டரில் போட்டேன். மேனேஜர் கைகுலுக்கினார். மூன்றாவது மாதம் டிராயிங் மாறியது. மிச்சமிருந்த புஷ் அத்தனையும் எந்த வண்டிக்கும் பொருந்தாமல் அலமாரியில் கிடந்து, கடைசியில் ஸ்கிராப்புக்குப் போனது. யாரும் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. எவ்வளவு ஆர்டர் போடலாம் என்பதற்கு 1913-லேயே சூத்திரம் எழுதிய ஃபோர்டு ஹாரிஸும் ஒரு எஞ்சினியர்தான். தேவை மாறாமல் ஒரே சீராக இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதிய சூத்திரம் அது. அந்த நிபந்தனையைப் படிக்காமல் விடையை மட்டும் எடுத்துக்கொண்டவன் நான்.

4. காகிதமும் சரக்குதான். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் பொதுவாக இ-வே பில் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் என்றால் ஒரு லட்சத்துக்கு மேல். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி. சென்னைக்கு 460 என்றால் மூன்று நாள். வழியில் வண்டி படுத்துவிட்டால் நீட்டிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது கிளார்க் வேலை என்று ஒதுங்குகிற எஞ்சினியரை நான் மேலே ஏற்றியதில்லை.

5. மேற்படிப்பா? படிக்கலாம், ஆனால் இரண்டு மூன்று வருஷம் கை அழுக்கான பிறகு. மும்பையில் 1963 முதல் தொழிலகப் பொறியியலுக்குப் பேர்போன நிட்டி கல்வி நிறுவனம்தான் 2023-ல் ஐஐஎம் மும்பை ஆனது. அது போன்ற இடத்தில் வகுப்பில் உட்காரும்போது உங்கள் மனதில் ஒரு குடோன் இருக்கட்டும்.

6. நம்பகம் என்பது ஆணி பொறுக்குவதுதான். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தொடங்கிய டிவிஎஸ் பற்றி மதுரைப் பெரியவர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. ரோட்டில் கிடக்கும் ஆணி பஸ் டயரைக் குத்திவிடுமே என்று, காந்தம் கட்டிய வண்டியை முன்னால் விட்டுப் பொறுக்க வைப்பார்களாம். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரம் திருத்துவார்களாம். அதே குடும்பத்தின் டிவிஎஸ் சப்ளை செயின் சொல்யூஷன்ஸ் 2023 ஆகஸ்டில் பங்குச்சந்தைக்கு வந்தது. ஆனால் ஆணி பொறுக்குகிறவர் பெயர் வெளியே தெரியாது. டிம் குக்கைப் பாருங்கள், அவரும் தொழிலகப் பொறியியல் படித்தவர். 1998-ல் ஆப்பிளில் சேர்ந்து, மாதக்கணக்கில் தேங்கிய சரக்கை நாள் கணக்குக்குக் கொண்டுவந்தார். 2011-ல் தலைமைக்கு வந்தார். புதுப் போனை மேடையில் காட்டியவரை உலகத்துக்குத் தெரிந்த அளவுக்கு, அந்தப் போனைக் கடைக்குக் கொண்டுசேர்த்தவரை அதுவரை தெரியாது. இந்தத் தொழிலில் அப்படித்தான். கைதட்டலுக்கு ஆசைப்படுகிறவர்கள் வேறு துறை பாருங்கள்.

7. உங்கள் சம்பளத்துக்குக் கட்டுப்படாதவர்களிடம் வேலை வாங்கப் பழகுங்கள். டிரைவர், சப்ளையர், கஸ்டம்ஸ் ஏஜென்ட், யாரும் உங்கள் ஆளில்லை. மெயில் அனுப்பிவிட்டேன் என்பது பதிலாகாது. "அண்ணே, சாப்பிட்டீங்களா, எங்க வந்திருக்கீங்க?" என்று ராத்திரி பதினோரு மணிக்கு டிரைவரிடம் கேட்கிறவனுக்கு உண்மையான இடம் தெரியவரும். அதட்டுகிறவனுக்கு எப்போதும் "பக்கத்துல வந்துட்டேன் சார்"தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் குட்ஸ் ஷெட் பக்கம் நடப்பேன். கூட வருகிறவர்கள் செருப்போடு வராதீர்கள், ஷூ போட்டு வாருங்கள். அந்தப் பாதையில் ஆணி கிடக்கும்.