இது ரேங்க் இல்லாத கவுன்சிலிங்

கவுன்சிலிங்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது கட்-ஆஃப், ரேங்க், சாய்ஸ் ஃபில்லிங். இந்தக் கட்டுரை இன்னொரு கவுன்சிலிங்கைப் பற்றியது. இதற்குக் கட்-ஆஃப் கிடையாது. பெரும்பாலும் ஃபீஸும் கிடையாது. ஆனால் இது எங்கே கிடைக்கும், எப்படி வேலை செய்யும் என்று நம்மில் பலருக்குத் தெரியாது.

குமாரபாளையத்தில் தறிக்குப் போகிற வீடு, நாமக்கல்லில் லாரிக்குப் போகிற வீடு, சேலத்தில் கொலுசு வேலை செய்கிற வீடு. நம் வகுப்பில் பாதிப் பேர் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருகிறவர்கள்தான். செமஸ்டர் ஃபீஸ் கட்டவே வட்டிக்கு வாங்கும்போது, "மனசு சரியில்லை, தனியார் டாக்டரிடம் போகணும்" என்று அப்பாவிடம் கேட்க வாய் வராது. அதனால் அரியரும் தூக்கமில்லாத இரவுகளும் ஹாஸ்டல் ரூமுக்குள்ளேயே அடங்கிப் போகின்றன. செலவில்லாத உதவி இருக்கிறது என்று தெரிவது இவர்களுக்குத்தான் மிக அவசியம்.

டாக்டர் இல்லாமல் பலன் கிடைக்குமா?

நியாயமான சந்தேகம். கோவாவில் 'சங்காத்' என்ற அமைப்பு இதைச் சோதித்துப் பார்த்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் உட்கார வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் அவர்கள் 6 முதல் 8 முறை உட்கார்ந்து பேசினார்கள். முடிவுகள் 2017-ல் வெளிவந்தன. மூன்று மாதத்தில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39% பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். இந்த ஆலோசனையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64% பேர் மீண்டார்கள்.

ஜிம்பாப்வேயில் 2006-ல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து இதேபோன்ற வேலையைத் தொடங்கினார். அவர்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் பேச்சைக் கேட்டார்கள். மனச்சோர்வுக்கு அந்த ஊர் மொழியில் உள்ள சொல்லுக்கு 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். நாமும் "ஓவரா யோசிக்காதடா" என்றுதானே சொல்கிறோம்?

உள்ளே என்ன நடக்கிறது?

நமக்குத் தெரிந்த ஃபீட்பேக் லூப்பாக இதைப் பாருங்கள். மனசு சோர்கிறது, கிளாஸுக்கும் மெஸ்ஸுக்கும் போகாமல் படுத்துக் கிடக்கிறோம். அட்டெண்டன்ஸ் குறைகிறது, அரியர் விழுகிறது. மனசு இன்னும் சோர்கிறது. கோவா முறை இந்தச் சுற்றைச் செயல் என்ற இடத்தில் உடைக்கிறது. "மனசு சரியானதும் செய்யலாம்" என்று காத்திருக்காமல், இன்று செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்றை நீங்களே தேர்ந்தெடுப்பீர்கள். சாயங்காலம் ஒரு நடை, நண்பனோடு ஒரு யூனிட், வீட்டுக்கு ஒரு போன். அடுத்த வாரம் அது எப்படிப் போனது என்று ஆலோசகர் கேட்பார். இதில் அட்வைஸ் மழை கிடையாது.

எங்கே போவது?

ஒன்று, 14416. இது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இதன் பெயர் 'நட்புடன் உங்களோடு'. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இரண்டு, அரசு மருத்துவமனை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் ஊர்ப்பக்க அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநலக் குழு வரும். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று அங்கேயே விசாரியுங்கள்.

மூன்று, சென்னையின் 'சினேகா'. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பு. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள்; போனிலும் பேசலாம்.

"வெளியே தெரிஞ்சிடுமோ?" மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்கள் விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில்தான் விலக்கு.

இதன் எல்லை

எல்லாவற்றையும் பேசியே சரிசெய்துவிட முடியாது. பல நாள் தூக்கமே இல்லை, மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்கிறது, சாவைப் பற்றிய பேச்சு வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரூம்மேட்டுக்கு என்றால்

"சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். அவன் பக்கத்தில் இருந்துகொண்டே 14416-ஐ அழையுங்கள். வார்டனிடமோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ சொல்லுங்கள். மருத்துவமனைக்குப் போவதென்றால் கூடவே பஸ் ஏறுங்கள்.

இப்போதே அந்த எண்ணை உங்கள் போனில் பதிந்து வையுங்கள். இன்று உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். நாளை நள்ளிரவில் பக்கத்து ரூமில் யாருக்காவது தேவைப்படலாம்.